கீழ்ப்பக்கம் மட்டும்

சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே
ஒன்றரை அங்குல இருட்டு.
அதற்குள் எங்கேயோ இருக்கிறது
நான் வைத்த பெட்டி.

மூடிவிட்டார்கள்.
ஞாயிறன்று நான் ஒரு கறிச்சோற்றுக்குப் போயிருந்தபோது
கிளேடிங் ஆட்கள் வந்து
தேக்கு நிறத்தில் கோடுகோடாய் அடித்து
ஒரு துளைகூட விடாமல்,
அத்தனை சுத்தமாய்.

"ஏனுங்க, லைட்டு எங்கீங்க வரும்?"
மரகதமணிக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங்.
ஆயிரம் பீஸில் ஒரு தையல் விட்டிருந்தாலும்
அவள் விரல் அங்கே நின்றுவிடும்.
அந்த விரலால் சுவரைத் தட்டிப் பார்க்கிறாள்.
எல்லா இடமும் ஒரே சத்தம்,
அதையும் பக்கத்துத் தறிக்கூடம்
தின்றுவிடுகிறது.

செல்போனில் தேடுகிறேன்.
மாரியம்மன் நோம்பி, ஒரு கன்றுக்குட்டி,
யாருடையதோ கரண்ட் பில்,
அப்புறம் கிடைத்தது:
வெறும் சுவர், திறந்த பெட்டி,
ஜன்னல் விளிம்பிலிருந்து இழுத்துப் பிடித்த டேப்,
அதன் முனையில் சென்னியப்பனின் கட்டைவிரல்.
ஐந்தடி தெரிகிறது.
அங்குலத்தை நகம் மறைக்கிறது.
ஏழா, எட்டா?

கூலித் தகராறில் போனவன்.
பெருந்துறையில் யாரிடமோ இருக்கிறான்.
மூன்று மாதமாய்ப் பேச்சில்லை.
கூப்பிட்டேன்.
"எட்டுங்ணா" என்றான், யோசிக்காமல்.
வேறொன்றும் கேட்டுக்கொள்ளவில்லை,
இரண்டு பேருமே.

மெயினை இறக்கிவிட்டு ஹோல்சாவை வைத்தேன்.
தவிட்டுநிறத் தூள் முகத்தில் பறந்தது.
பெட்டி நேராக வாய் திறந்தது.
உள்ளே, எர்த் ஒயரின் முதுகில்
குளவி ஒன்று மண்ணால் அறை கட்டி
குடும்பத்தோடு காலிபண்ணிப் போயிருந்தது.
அதன் பூச்சில் ஒரு விரிசல் இல்லை.

வளையம் கொடுத்துப்
பெட்டியின் உதட்டை ஷீட்டின் மட்டத்துக்கு இழுத்தேன்.
ஆனி ஆடியில் இந்தக் காரணம்பேட்டையில்
பாலக்காட்டுக் காற்று
சாரலைப் படுக்கவைத்தே அடிக்கும்.
மேலே சிலிக்கான்.
இரண்டு பக்கமும் சிலிக்கான்.

"கீழ விட்டுட்டீங்களே?"
விரல் அங்கேயே வந்து நின்றது.

எப்படி அடைச்சாலும் தண்ணி உள்ள வருமுங்க.
போறதுக்கு ஒரு வழி விடோணும்.

நம்பாத தலையாட்டல்.

பொழுதோட சுவிட்சைப் போட்டாள்.
மேலொன்று கீழொன்றாய் வெளிச்சம் விரிய
எதிர்வீட்டு நாய் எழுந்து
இருட்டைப் பார்த்து இடம் மாறிப் படுத்தது.

வெட்டியெடுத்த வட்டத் துண்டு என் பையில்.
அதன்மேல் பென்சிலில் ஐந்து, எட்டு.
இதைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பலாமா என்று
பல்லடம் வரைக்கும் யோசித்துக்கொண்டு
வண்டி ஓட்டினேன்.