கட்டணமில்லாத அரைமணி

ஏப்ரலில் செயின்ட் ஜான் ஆற்றின் பனிக்கட்டி உடையும்.
உடைந்த மறுநாளே
என் பட்டறை வாசலில் டிரெய்லர்கள் வரிசை கட்டும்.
எல்லாருக்கும் ஒரே வாக்குமூலம்:
"அக்டோபரில் நன்றாய்த்தான் ஓடியது."

ஓடியிருக்கும்.
அக்டோபருக்குப் பிறகு அதற்குள் ஓடியவை
வேறு கால்கள்.

மலையைக் கெல்லி எலியைப் பிடிப்பவர்கள் உண்டு.
நான் எலியைக் கெல்லி எஞ்சினைப் பிடிக்கிறவள்,
இருபத்திரண்டு வருஷமாக.

இன்று ஒனெசிம் தேகிள்.
உருளைக்கிழங்கு வயலை விற்றபின்
வீட்டுப் புல்லையே விளைச்சல்போல அறுக்கிறவர்.
ஏறி ஓட்டும் புல்வெட்டியை இறக்கும்போதே
தன் கட்சியை வாதாடத் தொடங்கிவிட்டார்:
நாஃப்தலின் உருண்டை வைத்தேன்.
புதினா எண்ணெய் தெளித்தேன்.
துணி உலர்த்தும் மெஷினில் போடுவார்களே, வாசனைத் தாள்,
அதில் ஒரு பெட்டி முழுக்க,
இருக்கைக்கு அடியில், எஞ்சினைச் சுற்றி.
"லாவெண்டர்," என்றார்,
சாட்சியின் பெயரைச் சொல்வதுபோல.

நாலு போல்ட்.
விசிறி மூடியைத் தூக்கினேன்.

லாவெண்டர் மணத்தது.

தாள்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன.
பஞ்சாய்க் கிழித்து
இருக்கையின் ஸ்பாஞ்சோடு பிசைந்து
கையேட்டின் 'குளிர்காலப் பாதுகாப்பு' என்ற பக்கத்தை
நடுநடுவே செருகி
உள்ளங்கை அகலத்தில் ஒரு மெத்தை.
அதைச் சுற்றி, அவர் மனைவி பறவைகளுக்கு வைத்த
சூரியகாந்தி விதையின் தோல்.
பற்றவைக்கும் சுருளுக்குப் போகும் கம்பியில்
செம்பு பல்லிளித்தது.

விரட்டப் போட்டது விரிப்பாகிவிட்டது.
ஒனெசிம் எட்டிப் பார்த்தார்.
"பெட்டி ஒன்பது டாலர்," என்றார், யாரிடமோ.

முகமூடி, கையுறை, பிளீச் கலந்த தண்ணீர்.
ஊதக் கூடாது, பெருக்கக் கூடாது,
அந்த மூத்திரத்தூசியில்
நுரையீரலைத் தின்கிற கிருமி இருக்கலாம்,
நனைத்துத்தான் அள்ள வேண்டும்
என்று சொல்லிக்கொண்டே
தெளிப்பானின் விசையில் விரல் வைத்தேன்.

மெத்தை அசைந்தது.

ஐந்து. இல்லை, ஆறு.
கண் திறக்காதவை.
பென்சில் அழிப்பானின் நிறம்.

"செய்யவேண்டியதைச் செய்,"
என்று சொல்லிவிட்டு ஒனெசிம் காபி வாங்கப் போனார்.
இதற்கும் சேர்த்துத்தான் மணிக்கு எழுபது டாலர்.

நான் இளகிய மனசுக்காரி இல்லை.
அலமாரிக்குப் பின்னால் பதினொரு பொறிகள்,
கடலை வெண்ணெய் தடவி வைப்பது நானேதான்.
காலையில் இரண்டைக் கவிழ்த்துக் கொட்டினேன்,
பிறகு ரொட்டி தின்றேன்.
ஆனாலும் விரல் மடங்கவில்லை.
ஏன் என்று என்னைக் கேட்க வேண்டாம்,
அடைத்த கார்புரேட்டரைக் கேட்டால்
அதுவாவது காரணம் சொல்லும்.

விளக்கை அணைத்தேன்.
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.

பாட்டரிக்கு அடியிலிருந்து வந்தாள்.
பதினெட்டு மைல் டிரெய்லரில் குலுங்கி வந்தவள்.
பெரிய கண், வெள்ளை வயிறு.
என்னைப் பார்த்தாள், கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.
ஒன்றைக் கவ்வினாள்,
எண்ணெய்க் கறைகளைச் சுற்றிக்கொண்டு
தரையைக் கடந்தாள்.
திரும்பி வந்தாள். இன்னொன்று.
ஆறு நடை.
ஆறாவது முடிந்தபின்னும் ஒருமுறை வந்து
வெறும் மெத்தையை முகர்ந்துவிட்டுப் போனாள்.
அவளுக்கு எண்ணத் தெரியாது போலிருக்கிறது.
அல்லது என்னைவிட நன்றாகத் தெரியும்.

விளக்கைப் போட்ட பிறகுதான்
எங்கே கொண்டுபோனாள் என்று பார்த்தேன்.
மூலையில், சிவப்புச் சீட்டுத் தொங்க,
மாதா கோயிலின் பனித்தள்ளி இயந்திரம்.
நேற்றுத்தான் முடித்தேன்.
புதுக் கம்பி.
மிளகாய்க் காரம் ஏற்றிய டேப்பை
நானே சுற்றினேன், இரண்டு அடுக்கு.

ஒனெசிம் இரண்டு கோப்பைகளோடு திரும்பினார்.
காலி மூடியைப் பார்த்தார், கேட்கவில்லை.
பில்லில் எழுதினேன்:
சுருளும் கம்பியும் நாற்பத்தொன்று.
உழைப்பு ஒரு மணி.
காத்திருந்தது அரைமணி, கட்டணமில்லை.
அந்தக் கடைசி வரியை
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடி படித்தார்.

பாதிரியார் வெள்ளிக்கிழமை வருவார்.
நவம்பர்வரை அது கோயில் கொட்டகையில் நிற்கும்.
சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன்.

டேப் கம்பெனிக்கு அடித்தேன்.
இரண்டு சுருள் அனுப்பச் சொன்னேன்.