செங்காய்

பதினொன்று என்று எழுதிவிட்டுப் போனாள் நர்ஸ்.
அந்தக் கணக்கை நான் இன்னும் நம்புவதில்லை.

சுற்றியிருக்கும் பஞ்சை
பிப்பெட்டால் உறிஞ்சி, விட்டு, உறிஞ்சி
உரித்த பிறகுதான் தெரியும்
எது தயார், எது இல்லை என்று.

ஓரத்தில் ஒரு குமிழ் வேண்டும்.
தன்னில் பாதியை வெளியே தள்ளி
வருகிறவனுக்கு இடம் வைத்திருக்கிறேன் என்று
முட்டை காட்டும் அடையாளம்.
ஆறில் இருந்தது.
இரண்டில், நடுவே மூடிய கண்போல் உட்கரு. பிஞ்சு.
மூன்றில் கண்ணும் இல்லை, குமிழும் இல்லை.
பதிவேட்டில் அதற்கு எம் ஒன்று என்று பெயர்.
எனக்குள் செங்காய்.

செம்பூரில் மழை. மின்சாரம் போய், ஜெனரேட்டர் இருமி எழுந்தது.
இன்குபேட்டரின் முப்பத்தேழு அசையவில்லை.

சுலக்‌ஷணா காம்ப்ளே, கோவண்டி, முப்பத்தெட்டு வயது,
போனில் கேட்டது ஒன்றுதான்:
ஊசி லேட்டானதாலா மேடம்?

சனிக்கிழமை இரவு பத்தரைக்குப் போடவேண்டிய ஊசி.
குர்லாவில் தண்டவாளம் முழுக்கத் தண்ணீர்.
நின்றுபோன லோக்கலில், ஐஸ் டப்பா மடியில்,
பதினொன்று பத்துக்கு,
முன்பின் தெரியாத ஒருத்தி
துப்பட்டாவை விரித்து மறைத்துப் பிடிக்க
தானே வயிற்றில் குத்திக்கொண்டாளாம்.

நாற்பது நிமிஷம்தான்,
எடுக்கும் நேரத்தையும் தள்ளிவைத்தோமே என்றேன்.
உண்மைதான்.
ஒரே கிளை, ஒரே வெயில்,
ஒன்று கனிய ஒன்று ஏன் நின்றது என்று
எனக்குத் தெரியாது என்பதும்.
அதைச் சொல்லவில்லை.

மூன்று செங்காயையும் தட்டில் ராத்திரி முழுக்க விட்டுவைத்தேன்.
காலையில் ஒன்றுக்குக் குமிழ்.
யாரும் அடித்துப் பழுக்கவைக்கவில்லை,
தானாகத்தான், ஒரு ராத்திரி பிந்தி.
அதற்கும் ஓர் உயிரணுவைத் தேடி உள்ளே விட்டேன்.

மூன்றாம் நாள் நாலே அறை.
ஒன்று பெரிசு, ஒன்று பொடிசு,
இடையில் உதிர்ந்த நொறுக்கு.
தோல் மஞ்சளாகி
கொட்டைப் பக்கம் புளிக்கும் மாம்பழம்.
உட்கரு முந்திக்கொண்டது,
சுற்றியிருந்த சாறு வந்து சேரவில்லை.
நுண்ணோக்கிக்கு முதலாவது தெரியும்.
இரண்டாவதை நாள்கள்தான் சொல்லும்.

அது அங்கேயே நின்றது.
ஆறாம் நாள் மாலை, எல்லாத் தட்டும் கழித்த பிறகு,
கடைசியாக அதை.

அந்த ஆறில் ஐந்து கருவாகி, இரண்டு தேறி
உறைநிலைக்குப் போயின.
போன் செய்து சொன்னேன்.
நெடுநேரம் பேச்சில்லை. பின்னால் ரயில் சத்தம்.

அந்தத் துப்பட்டாக்காரியிடம் சொல்லணும் மேடம், என்றாள்.
எந்த ஸ்டேஷனில் இறங்கினாள் என்றுகூட
நான் பார்க்கவில்லை.