கழித்தல்

பலகைக்குள் விளக்கு உண்டு.
கம்பம் பேருந்து நிலையத்துக்கு எதிரே
நான் சம்பளத்துக்கு நிற்கும் மருந்துக்கடை வாசலில்
இரவெல்லாம் ஒருத்தி சிரிப்பாள்.
பரு இல்லாத கன்னம், பறக்கிற துப்பட்டா,
"உங்கள் நாட்கள் உங்கள் கையில்."
மருந்து என்கிற சொல் அதில் எங்கும் இல்லை.
அப்படித்தான் எழுதணும், பயந்துக்குவாங்க
என்றார் கொண்டுவந்து மாட்டியவர்.
ஐம்பது அட்டை விற்றால் ஒரு ஹாட்பாக்.

பவுனுத்தாய்க்கு முப்பத்தாறு வயது.
ஏலத்தோட்டத்து ஜீப்பில் கடைசியாகத் தொற்றுகிறவள்.
மூன்று பிள்ளைகள், நாலாவது வேண்டாம்.
நாலு ஆம்பளைகள் நிற்கிற கடையில்
அதை எப்படிச் சொல்ல?
பலகையைக் காட்டி
"அந்த மூஞ்சி மாத்திரை" என்றாள்.
சீட்டு கேட்கவில்லை நான்.
மூஞ்சி மாத்திரை என்றே கணக்கில் எழுதினேன்.

மூன்றாம் மாதம் தலைவலிக்கு வந்தாள்.
வலிக்கு முன்னால்
கண்ணுக்குள் ரம்பப் பல்லாய் ஒரு வெளிச்சம் நெளியுது,
சரத்தில் பாதிக் காய் காணாமப் போகுது என்றாள்.
வெயில் என்றேன்.
மலைமேல் ஏது வெயில் என்று சிரித்தாள்.
தலைவலி மாத்திரை இரண்டு, மூஞ்சி மாத்திரை ஒன்று.
சில்லறை சரியாக இருந்தது.

அட்டையோடு பெட்டிக்குள் ஒரு தாள் வரும்.
எட்டாய் மடித்து, எறும்பெழுத்தில், இங்கிலீஷில்.
பின்பக்கம் வெள்ளை.
டீக்கணக்கு அதில்தான் போடுவேன்.

கம்பம்மெட்டு தாண்டி, செடிக்கடியில்,
கூடை பாதி நிறைந்திருக்கையில்
அவள் வலதுகை காயை விட்டுவிட்டது.
பழுத்ததையும் பிஞ்சையும் பார்க்காமலே பிரிக்கிற விரல்கள்.
வாய் ஒரு பக்கம் இறங்கியது.
கட்டப்பனை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா
கூடப்போன ஓவம்மாவைக் கேட்டார்:
"குளிக வல்லதும் கழிக்குன்னுண்டோ?"

மேலே கழிப்பதென்றால் உண்பது.
கீழே கழிப்பதென்றால் கழிப்பது.
இருபது வருசமாய் மலையேறும் ஓவம்மாவுக்கு
அந்தப் பாஷை தெரியும்.
தெரிந்துதான் சொன்னாள்,
"மருந்து மாத்திரை எதுவும் இல்ல டாக்டர்.
முகத்துக்கு ஏதோ போட்டுக்குவா, அவ்வளவுதான்."
முகத்துக்கு என்றதும்
பவுடர் என்று நினைத்திருப்பார் அவர்.

ஓவம்மா காலி அட்டையை என் மேசையில் வைத்தாள்.
"இது மருந்தாடி?"
முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.
டீக்கணக்கைத் திருப்பினேன்.
போனை மேலே பிடித்து
ஒவ்வொரு வரியாய்த் தமிழாக்கினோம்.
முப்பத்தைந்துக்கு மேல் புகைப்பவர்கள்.
ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள்.
காலில் ரத்தம் உறைந்தவர்கள்.
அடுத்த வரியில்
தலைவலிக்கு முன் ஒளிக்கோடுகள் காண்பவர்கள்.
என் ஆறு டீ, இரண்டு வடை
அந்த வரிக்கு நேர் பின்னால் இருந்தது.

மாத்திரையைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.
அவளுக்கு வேண்டியிருந்தது அது,
எத்தனையோ பேருக்கு வேண்டியிருக்கிறது,
எத்தனையோ பேருக்கு ஒன்றும் ஆவதில்லை.
கேட்டிருந்தால் வேறொன்று இருந்தது அவளுக்கு.
கேட்க அரை நிமிஷம் ஆகும்.

இப்போது கேட்கிறேன்.
கண்ணில் கோடு நெளியுமா, பிரஷர் பார்த்தாயா,
பீடி உண்டா, கால் வீங்குமா.
ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வா என்கிறேன்.
பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போகிறார்கள்.
"நீ என்ன டாக்டரா?" என்கிறார் முதலாளி.
பலகையின் ஒயரை ஒருநாள் பிடுங்கினேன்.
மறுநாள் அவரே செருகிவிட்டார்.

பவுனுத்தாய் போன வாரம் வந்தாள்,
மகன் தோளைப் பிடித்துக்கொண்டு.
இடதுகையால் பலகையைக் காட்டி
என்னமோ சொல்ல முயன்றாள்.
மூ என்றாள். மறுபடி மூ.
மூஞ்சியா, மூணா, மூடா
எனக்குத் தெரியவில்லை.
மகன் "வாம்மா" என்றான்.

மத்தியானம் ஹாட்பாக்கைத் திறந்தேன்.
காலையில் வைத்த இட்லி
இன்னும் சூடாக இருந்தது.