சூரை நிறுக்கும் மேடை

மருத்துவமனைத் தராசு
நூற்றைம்பதோடு நின்றுவிட்டது.
"பழுது" என்றார் எலெவ்தேரியோ.
தன்னைத்தான் சொன்னார்.

தல்காவானோ துறைமுகத்தில்
ஞாயிறு, மீன்சந்தை மூடிய பிறகு
நர்ஸ் யாஸ்னா அவரைச்
சூரை நிறுக்கும் மேடையில் ஏற்றினாள்.
நூற்று அறுபத்தெட்டு.
எழுதிக்கொண்டாள், அவ்வளவுதான்.

வாயைக் கட்டச் சொல்லவில்லை.
"எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?"
பதினோரு வருட இரவு ஷிப்டில்
யாரும் கேட்காதது.

இப்போது ஃப்ரிட்ஜில்
வெண்ணெய்க்குப் பக்கத்தில் வாரம் ஒரு ஊசி.
மூக்கில் காற்றுக்குழாய் மாட்டிப் படுக்கும்போது
"இன்றைக்கு எத்தனை பாகம் ஆழம்?" என்பாள் நேலிதா.

ஒன்பது கிலோதான் குறைந்தது.
பசி?
"பக்கத்து அறையில் இருக்கிறது.
முன்போல் கதவை இடிப்பதில்லை."

நேற்று குனிந்து
இடது பூட்ஸ் கயிற்றைத் தானே கட்டினார்.
வலது
இன்னும் அவள் கையில்.