ஏழாவது காலை

டூங்காபியில் விடிந்து இரண்டு மணி நேரம்.
அவருக்கு இது ஏழாவது காலை.

திருநீற்றுக் கிண்ணத்தோடு மறுபடி வருகிறார்.
"குளிச்சிட்டியளோ, தங்கச்சி?"
நாற்பத்தொரு வருடம் 'இஞ்சாரும்' என்று கூப்பிட்டவர்.

நெற்றியைக் கொடுக்கிறேன்.
பூசியதன்மேல் இன்னொரு பூச்சு.
மூக்கில் உதிர்கிறது,
தேநீரில் விழுகிறது,
குடிக்கிறேன்.

சாமி கும்பிடாத வீட்டில் பிறந்தவள் நான்.
அப்பா தொழிற்சங்கக்காரர்;
என் கலியாணத்தன்று மட்டும் பேசாமல் நின்றார்.
முதலில் கிண்ணத்தை ஒளித்துவைத்தேன்,
கோதுமை மாவுக்குப் பின்னால்.
அன்று வீடெல்லாம் தேடிவிட்டு
பின்கதவைத் திறந்து
ரயில் பாதைவரை போய்விட்டார்.
செருப்பில்லாத கால். ஜூலைக் குளிர்.

இப்போது மாதம் இரண்டு பொட்டலம்
பெண்டில் ஹில் கடையில் வாங்குகிறேன்.

செவ்வாயும் வெள்ளியும் அவரைக் குளிப்பாட்ட வரும்
மெலே, டொங்காக்காரி,
ஞாயிறுகளில் தேவாலயத்தில் பாடுகிறவள்,
அவளும் குனிகிறாள், கழுத்துச் சிலுவை ஊசலாட.
இன்னும் கொஞ்சம் பூசச் சொல்கிறாள்.

கடவுள் விஷயம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.
கேட்பதென்றால் ஒன்றுதான் கேட்பேன்:
இடையில் எழும்பாத நாலு மணி நேரத் தூக்கம்.
அவருடைய ஞாபகத்தைக் கேட்கப் பயம்.
திரும்பி வந்தால்
இதையெல்லாம் அறிந்துவிடுவாரே.

ஆனால் அந்த மூன்று விரலும்
நெற்றியில் இழுபடும் நேரம்
யாரோ என்னைப் பார்த்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது.

உள்ளே கிண்ணம் மூடும் சத்தம்.
திறக்கும் சத்தம்.
கேத்திலை அணைத்துவிட்டு
நெற்றி மயிரை ஒதுக்கிக்கொள்கிறேன்.