உச்சம்

குவோப்பியோவில் டிசம்பர் மதியம் மூன்றுக்கே இருட்டிவிடும்.
இர்மெலிக்கு அது தெரியாது;
சர்வர் அறையில் எந்நேரமும் ஒரே வெளிச்சம்.

ஒரே இயந்திரம், ஏழு தடுப்பு,
பதினாறு செயலிகளும் பொதுக் குளத்தில்.
சம்பளக் கணக்குக்கு இரண்டு என்று எழுதியவள்
மேல்வரம்பு எழுதவில்லை.
பக்கத்துத் தடுப்புகள் தூங்கும்போது
சும்மா கிடப்பதை எடுத்துக்கொள்ளட்டுமே.

எடுத்துக்கொண்டது.
நவம்பர் முப்பது, அதிகாலை 2.14 முதல் 2.25 வரை
ஒன்பது.

உரிமத் தணிக்கைக்கு வந்த லிண்ட்ரூஸ்
பனிக்காலணியை வாசலில் கழற்றிவிட்டுக்
காலுறையோடு நடந்துவந்தார்.
சராசரி ஒன்றரைதானே என்றாள்.
சராசரிக்கு நாங்கள் விற்பதில்லை,
உச்சத்துக்குத்தான் என்றார், கொஞ்சம் வருத்தமாகவே.
ஏழு செயலிக்குப் பாக்கி, வருடம் முழுமைக்கும்.

கைமாற்று வாங்கியது ஒரு தடுப்பு,
கொடுத்தது அண்டைத் தடுப்பு,
வட்டி மட்டும் ஹெல்சிங்கிக்கு.

அன்றே குளத்துக்குள் சின்னதாய் ஒரு குளம் வெட்டினாள்.
கரை இரண்டு. சம்பளத்தை அதில் இறக்கிவிட்டாள்.
மாதக் கடைசியில் அது விடியும்வரை ஓடியது.
பதினான்கு செயலிகள்
கைகட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தன.

வியாழக்கிழமை, குடியிருப்பின் பொதுச் சவுனாவில்
ஏழிலிருந்து எட்டு அவளுடைய முறை.
எட்டிலிருந்து ஒன்பது
பலகையில் துவோமிக்கோஸ்கி என்றிருக்கிறது,
ஆள் ஊரில் இல்லை.
கல் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.
இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.
கடிகாரத்தைப் பார்த்தாள்:

எட்டு பதினொன்று.