ஒரு நாளுக்கு மேல்

மாசி மூன்று. முற்பகல் பதினொன்று.
கொரடாச்சேரிக்குத் தெற்கே வானம் கறுக்கிறது.
கொள்முதல் நிலையக் களத்தில்
தார்ப்பாய்க்கு அடியில் புழுங்குகிறது நெல்.

பட்டியல் எழுத்தர் கதவில் தலையை நீட்டி,
"ஒரு நாளுக்கு மேல கிடக்கறதையெல்லாம்
முதல்ல எடை போட்டுடுவோம். பேர் எடும்மா" என்றார்.

டோக்கனுக்கு ஒரு ஃபைல்.
கறுப்புத் திரை. மவுஸுக்கு இதில் வேலையில்லை,
வெளியே எலிகளுக்கு உண்டு.

find . -mtime +1

பதினொரு பெயர். பக்கிரிசாமி இல்லை.
ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார்:
"முந்தாநாள் மதியம் கொட்டினேனேம்மா."

இதன் கணக்கு எனக்குத் தெரியும்.
இருபத்துநான்கு மணி நேரம் முழுதாய் நிறைந்தால்தான் நாள்,
மிச்சத்தை உதறிவிடும்.
நாற்பத்தேழு மணி நேரம் அதற்கு ஒரு நாள்.
ஒன்றுக்கு மேல் என்றால் இரண்டு.

சரி, நிமிடத்தில் கேட்போம்.
ஆயிரத்து நானூற்று நாற்பதுக்கு மேல்.
இன்னும் ஏழு பேர் வந்தார்கள்.
அவர் வரவில்லை.

அப்புறம்தான் உறைத்தது.
நேற்றுச் சாயங்காலம் இதே ஜன்னலில்
"கே. இல்லம்மா, கோ.
அப்பா பேரு கோதண்டம்" என்றார்.
ஒரு துணைக்கால் சேர்த்துச் சேமித்தேன்.
ஆறு பத்து.

கடைசியாகத் திருத்திய நேரம்தான் ஃபைலின் வயது.
பிறந்த நேரத்தை இந்தப் பழைய டப்பா
குறித்து வைப்பதேயில்லை.
இரண்டு பனியில் நனைந்து கிடந்த மனிதரை
நேற்று மாலைதான் வந்தவராக்கிவிட்டேன்
ஒரு துணைக்காலால்.

நெல்லுக்கு அந்தத் திருத்தம் தெரியாது.
குவியலுக்குள் கைவிட்டால் சுடுகிறது.

தேதியை மாற்றி எழுதவும் ஒரு கட்டளை உண்டு.
கள்ளக் கணக்குக்கு ஆகும் கட்டளைதான்.
"எத்தனை மணிக்குக் கொட்டினீங்க?"
"காரைக்கால் வண்டி போச்சே, அதுக்கப்புறம்."
"வண்டி லேட்டா?"
யோசித்தார். "கொஞ்சம் லேட்டுதான்."

பன்னிரண்டு இருபது என்று அடித்தேன்.
மறுபடி தேடினேன். பத்தொன்பது.

தகரத்தில் முதல் தூறல்.
யாரோ சிப்பம் கட்டும் சணலைத் தேடிக் கத்துகிறார்கள்.
அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு
திரையை எட்டிப் பார்க்கிறார்,
நேரத்தை அல்ல,
துணைக்கால் இருக்கிறதா என்று.